திறன்பலகை வாங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன: பள்ளிக்கூடத்துக்கு வரும் கணினி, திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு), கைப்பேசிச் செயலி ஆகியவற்றை எப்படித் திட்டமிட்டுப் பயன்படுத்துவது? அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு, அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் பகுதியாசிரியர் இங்கே பதில் எழுதுகிறார். கேட்டுக்கொண்டபடி, கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் 6 லட்சம் ரூபாய் திரட்டித் தந்திருக்கிறார்கள். நான்கு வகுப்பறைகளுக்குத் திறன்பலகை வாங்க வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். கணினி ஆய்வகத்தைப் பெரிதாக்க வேண்டும் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டு நிறுவனங்களிடம் விலைப்புள்ளியும் வாங்கிவிட்டோம். எதை வாங்கலாம்?
– தலைமையாசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஐயா, அந்த விலைப்புள்ளிகளை ஒரு மாதத்துக்கு மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுங்கள். எதை வாங்குவது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் ஆசிரியர்கள்தாம்; அவர்களிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அடுத்த கூட்டத்தில் ஒவ்வோர் ஆசிரியரிடமும், ஆண்டுதோறும் பிள்ளைகள் அவருடைய பாடத்தில் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். சமூக அறிவியல் ஆசிரியர் பருவக்காற்று திசைமாறுவதைப் படத்தில் காட்டினால் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்பார். ஆங்கில ஆசிரியர், பிள்ளைகளின் காதில் நல்ல உச்சரிப்பு விழவே வழியில்லை என்பார். அறிவியல் ஆசிரியர் மின்சுற்றைச் சொல்லுவார். இந்தத் தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், பருவக்காற்றுக்கு ஒரு புரொஜெக்டரே போதும் என்பதும், ஆங்கிலத்துக்கு வேண்டியது நல்ல ஒலிபெருக்கி என்பதும், மின்சுற்றுக்கு எந்தத் திரையும் தேவையில்லை, இரண்டு பேட்டரியும் ஒரு டார்ச் பல்பும் கொஞ்சம் ஒயரும் ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தாலே போதும் என்பதும் உங்களுக்கே விளங்கிவிடும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாடு, ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற உலகளாவிய திட்டத்தின் கீழ் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு இலட்சக்கணக்கான மடிக்கணினிகளை வழங்கியது. 319 பள்ளிகளில் ஏறத்தாழ 15 மாதப் பயன்பாட்டை அளந்து 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை என்று சொன்னது. கருவி பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால், எந்தப் பாடத்தில் எந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக அது வந்தது என்பது வகுப்பறைக்குள் போய்ச் சேரவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் டெல்லியில் கிடைத்தது. பள்ளி முடிந்தபின் நடக்கும் மையங்களில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளை நாலரை மாதம் பயன்படுத்திய பிள்ளைகளைப் பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடன் பணியாற்றிய இருவரும் ஆராய்ந்தார்கள். அங்கே 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் நின்றுகொண்டிருந்த படியைக் கண்டறிந்து, அங்கிருந்து கணக்குகளைக் கொடுத்தது. கணினியில் பாதி நேரமும், சிறு குழுவாக ஓர் ஆசிரியருடன் பாதி நேரமும் அமர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் கணிதத்திலும் இந்தியிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். ஒரே வகுப்பில் நாற்பது பிள்ளைகள் நான்கு வெவ்வேறு படிகளில் நிற்கும்போது ஒரு மனிதரால் ஒரே நேரத்தில் நால்வகைப் பாடம் நடத்த இயலாது என்ற சிக்கலை முதலில் பார்த்து, அதற்கு ஏற்ற கருவியைப் பிறகு தேடியதால் கிடைத்த பலன் அது.

பொருள் வாங்குவது பாதி வேலைகூட இல்லை என்பதை நான் என் பணிக்காலத்தில் வேதனையுடன் கற்றுக்கொண்டேன். நான் பொறுப்பேற்றிருந்த ஒரு பள்ளிக்கு ஒரு காலத்தில் 10 கணினிகள் வந்தன. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் பழுதானால் தணிக்கையில் நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில், அறையைப் பூட்டிச் சாவியை என் பீரோவிலேயே வைத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் திறந்தபோது யுபிஎஸ் பேட்டரிகள் உப்பிக் கிடந்தன. விசைப்பலகை ஒயர்களை எலி கடித்திருந்தது. திரைகளின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகள் மட்டும் வந்த நாளில் இருந்தபடியே இருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் பத்தாம் வகுப்பை முடித்து வெளியேறிய பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த விசைப்பலகையைத் தொட்டதில்லை. அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே உங்கள் 6 லட்சத்தில் நாலரை லட்சத்துக்கு மேல் பொருளுக்காகச் செலவிட வேண்டாம் என்பது என் துணிபு. மிச்சத் தொகையில் முதலில் மின்பணியாளர் ஒருவரை அழைத்து வந்து, பழைய ஒயரிங் கூடுதல் சுமையைத் தாங்குமா, எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் செப்பனிடுங்கள். பிற்பகல் வெயில் நேராக விழும் அறையில் திரையை மாட்டினால் ஒன்றும் தெரியாது என்பதால், அறையை இன்றே மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்குமான தொகையைத் தனியே ஒதுக்கி, வகுப்பில் பயன்படுத்தும்போது ஒரு பொருள் பழுதாவது இயல்பு என்றும், அதற்காக ஆசிரியரைக் குறைகூற மாட்டோம் என்றும் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். சாவி எந்த ஆசிரியரிடம், அவர் விடுப்பில் இருந்தால் யாரிடம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஆய்வகமா, திறன்பலகையா என்று என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், உங்களிடம் ஏற்கெனவே ஆய்வகம் இருப்பதால் அதைத்தான் முதலில் முழுமையாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவேன். 6 முதல் 10 வரை வகுப்புக்கு இரண்டு பிரிவு என்றால் பத்துப் பிரிவுகள். நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளையாக வாரத்துக்கு நாற்பது. ஒவ்வொரு பிரிவும் வாரத்தில் நான்கு பாடவேளை அங்கே அமர இடமிருக்கிறது. இப்போது எத்தனை பாடவேளை அந்த அறை திறந்திருக்கிறது என்பதை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அந்த எண்ணிக்கை, எந்த விலைப்புள்ளியையும்விட உங்களுக்கு அதிகமாகச் சொல்லும்.

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் வகுப்பறைக்குத் திறன்பலகை வந்தபின் காணொளிகளைத் தவறாமல் போடுகிறேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள், புரிந்ததா என்றால் புரிந்தது என்கிறார்கள். தேர்வு வைத்தால் பழைய மதிப்பெண்தான். நான் செய்வதில் எது பிழை?
– ஆசிரியை, தருமபுரி

பதில்: அம்மா, சத்தமில்லாத வகுப்பைக் கண்டு நாம் மகிழ்ந்துவிடுகிறோம், அந்தச் சில நிமிடங்களில் பிள்ளையின் மனம் வேலை செய்ததா என்பதை அந்த அமைதி நமக்குச் சொல்வதில்லை. காணொளி தன் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கரும்பலகையில் நீங்கள் எழுதும்போது, ஒரு பிள்ளையின் நெற்றி சுருங்குவதைப் பார்த்து நிறுத்துவீர்கள் அல்லவா? திரை அப்படி நிற்காது. நீங்கள்தான் அதை நிறுத்த வேண்டும்.

பின்னத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கா, நான்கில் ஒரு பங்கா, எது பெரியது என்று கேட்டால் பல பிள்ளைகள் நான்கில் ஒரு பங்கு என்பார்கள், மூன்றைவிட நான்கு பெரிது என்ற கணக்கில். திரையை இயக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டு, ஒவ்வொருவரும் தம் விடையையும் அதற்கான காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதட்டும். பேச வேண்டாம், எழுதியதை அடித்துத் திருத்தவும் வேண்டாம். பிறகு, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வழங்கும் ‘பெட்’ (PhET) செயல்விளக்கங்களில் பின்னத்துக்கானதைத் திறந்து, ஒரே அளவான இரண்டு பட்டைகளில் ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் பிளக்க ஒரு பிள்ளையையே அழையுங்கள். (அவற்றில் பல தமிழிலும் இருக்கின்றன, ஒரு முறை பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.) நான்காகப் பிளந்ததும் துண்டு சிறுத்துப் போவதைப் பார்க்கும் நொடியில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். தாம் எழுதிய விடையுடன் கண்ணில் பட்டது மோதுவதால் எழும் சத்தம் அது, அதை அடக்கிவிடாதீர்கள். அடுத்து திரையை அணைத்துவிட்டு, ஐந்தில் ஒரு பங்கையும் ஆறில் ஒரு பங்கையும் பிள்ளைகளே தாளில் வரைந்து ஒப்பிடட்டும். திரை எரிந்தது ஐந்து நிமிடம்தான் இருக்கும். மீதி நேரம் பிள்ளைகளின் பென்சிலுக்கு.

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டுக் காணொளிகளையும் இப்படியே பயன்படுத்தலாம். 2018இல் நம் புதிய பாடநூல்கள் அந்தக் குறியீடுகளோடு வந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். முந்தைய நாள் மாலையே காணொளியை முழுதும் பார்த்து, எந்த நிமிடத்தில் நிறுத்துவது, நிறுத்தி என்ன கேட்பது என்பதைப் பாடக்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்துவதற்கு ஓர் இடம்கூடக் கிடைக்காத காணொளியை வகுப்பில் போடவே வேண்டாம்.

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியில் வீட்டுப்பாடம், அறிவிப்பு எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. வீட்டில் இருப்பது என் கணவரின் கைப்பேசி ஒன்றுதான். அவர் லாரி ஓட்டுநர். இரவு பத்து மணிக்கு அவர் வந்தபின்தான் பாடம் தெரிகிறது. பள்ளியில் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
– ஒரு தாய், மதுரை

பதில்: தயங்காமல் கேளுங்கள் அம்மா. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் ‘அசர்’ (ASER) ஆய்வில், 2021ஆம் ஆண்டில், வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கும் பிள்ளைகளிலேயே நால்வரில் ஒருவருக்கும் மேலானோர் அதைப் படிப்புக்குப் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தார்கள். உங்கள் வீட்டு நிலைமைதான் ஏராளமான வீடுகளின் நிலைமை என்பதைப் பள்ளி அறிந்துகொள்ள வேண்டும். வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டு, பிள்ளைகள் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு போகக்கூடிய வீட்டுப்பாடத்தைக் கைப்பேசி வழியாக மட்டும் அனுப்புவதற்கு எந்தத் தேவையும் இல்லை. இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஆனால் அன்று மாலை நான்கு மணிக்குப் பள்ளியை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் அதே செய்தி எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் புகைப்படம், மதிப்பெண், ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரு தனியார் செயலியில் ஏற்றச் சொல்கிறார்கள். இது சரிதானா?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், நாகப்பட்டினம்

பதில்: 2023இல் இயற்றப்பட்ட எண்மத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தகவல்களைக் கையாள்வதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் இருந்தாலும், அவை ஒரு தனியார் செயலிக்கு எல்லாத் தகவலையும் அள்ளிக் கொடுப்பதற்கான அனுமதி ஆகா. குழுக் கூட்டத்தில் எழுத்துமூலம் கேளுங்கள்: இந்தச் செயலிக்கு ஆதார் நகல் எதற்குத் தேவைப்படுகிறது, தகவல்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, பிள்ளை பள்ளியை விட்டுப் போனபின் அவற்றை அழிக்கப்போவது யார்? மதிப்பெண்ணைக் காட்டுவதற்கு ஆதார் வேண்டியதில்லை. தெளிவான பதில் வரும்வரை எதையும் ஏற்ற வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள். அதற்கான உரிமை உங்கள் குழுவுக்கு உண்டு.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கட்டுரை எழுதி வாங்கிக்கொண்டு வந்து தருகிறார்கள். தடை போடலாமா?
– தமிழாசிரியர், கோயம்புத்தூர்

பதில்: வீட்டில் எழுதுவதற்குத் தடை போட்டால் அதைக் கண்காணிக்க உங்களால் முடியாது. கட்டுரையை வகுப்பிலேயே, உங்கள் கண்முன்னே எழுத வையுங்கள்; தலைப்பும் அவர்கள் வாழ்வைத் தொடுவதாக இருக்கட்டும். ‘மழைநீர் சேகரிப்பின் அவசியம்’ என்று கேட்டால் எந்தச் செயலியும் எழுதித் தரும். ‘எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும் காலைப்பொழுது’ என்று கேட்டால், குடங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்த பிள்ளைதான் எழுத முடியும். மாதத்தில் ஒரு நாள், செயலி எழுதிய கட்டுரை ஒன்றைத் திரையில் போட்டு, அதில் உள்ள சந்திப் பிழைகளையும் தகவல் பிழைகளையும் பிள்ளைகளே திருத்தட்டும்; கருவியை நம்பவேண்டிய இடமும் நம்பக்கூடாத இடமும் அந்தத் திருத்தத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: கணினிப் பயிற்றுநராக இருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வந்தால் வண்ணம் தீட்டுவதும் விளையாடுவதுமாக நேரம் போகிறது. எதிலிருந்து தொடங்கலாம்? பழுது பார்க்கவும் ஆள் இல்லை.
– கணினிப் பயிற்றுநர், புதுக்கோட்டை

பதில்: தமிழ்த் தட்டச்சிலிருந்து தொடங்குங்கள் என்பேன், அதுவும் தமிழ்99 விசைப்பலகையிலிருந்து. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக வந்த அந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கின்றன. ஆங்கில எழுத்தைத் தட்டி அதைத் தமிழாக மாற்றும் முறையில் பழகிய பிள்ளை ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மனத்துக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்99இல் பிள்ளை ‘க’வையும் ‘உ’வையும் தட்டினால் ‘கு’ வரும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை முதல் வகுப்பில் வாயால் சொன்ன பிள்ளை இப்போது விரலால் செய்கிறது.

இன்னும் ஓர் அழகு அதில் இருக்கிறது. ப, ந, த, உ என்று நான்கு விசைகளைத் தட்டினால் திரையில் ‘பந்து’ என்று வரும். ‘ந’வுக்குப் புள்ளி வைக்கும் விசையை யாரும் தொடவில்லை, நகரத்தை அடுத்து அதன் இன எழுத்தான தகரம் வந்ததால் புள்ளி தானாக விழுகிறது. ‘தங்கம்’, ‘பஞ்சு’, ‘வண்டு’, ‘பாம்பு’, ‘கன்று’ என்று ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லி, எங்கெல்லாம் புள்ளி தானாக வந்தது என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். ஙகரத்துக்குக் ககரம், ஞகரத்துக்குச் சகரம் என்று ஆறு இணைகளையும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். மெல்லினத்துக்கு வல்லினம் இனம் என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்ததன் பொருள் அந்தக் கணினியின் முன்னால் விளங்கும். உங்கள் பள்ளித் தமிழாசிரியரையும் அந்தப் பாடவேளைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்ப்பதற்குக் கேரளத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அங்கே ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற பெயரில் 2018இல் தொடங்கிய மாணவர் அமைப்பு, உயர்நிலைப் பள்ளிகளில் உள்ள கருவிகளைப் பராமரிப்பதிலும் கைகொடுக்கிறது. உங்கள் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளிலிருந்து ஆறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள். அதில் பாதிப்பேர் பெண்பிள்ளைகளாக இருக்கட்டும், ஏனெனில் ஒயரையும் திருப்புளியையும் கண்டால் நாம் வழக்கமாகப் பையன்களைத்தான் கூப்பிடுகிறோம். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தூசி துடைப்பது, தளர்ந்த கேபிளைக் கண்டுபிடிப்பது, இயங்காத மவுஸை மாற்றிப் பார்ப்பது, எந்தக் கணினி எந்த நாளில் என்ன தொல்லை கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதுவது ஆகியவை அவர்களால் முடியும். யுபிஎஸ்ஸையும் பேட்டரியையும் மட்டும் அவர்கள் தொடவே கூடாது. அதற்கு மின்பணியாளர்தான் வர வேண்டும். அவர் வரும் நாளில் அந்த நோட்டை அவர் கையில் கொடுத்தால், எந்த இயந்திரத்திலிருந்து வேலையைத் தொடங்குவது என்று அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.